(பி) லிட்.

எங்கள் தமிழ் மிஸ் இருதயமேரி, பி.லிட்.
ஊர்க்கோடி மஞ்சள் மதிலில் எழுதியிருந்ததும்
அதே (பி) லிட்.
மூன்றாம் வகுப்பில் நினைத்துக்கொண்டேன்:
கம்பெனியும் தமிழ் படித்திருக்கிறது,
பேசினால் அதற்குப் புரியும்.

இப்போது நான்காம் வருஷம்.
கடலூரில் ஆறேகாலுக்கு ஏறி
புதுச்சேரியில் மாறி
காலாப்பட்டில் இறங்குகிறேன்.
மடியில் கம்பெனிச் சட்டம்.
எலுமிச்சைச் சாதத்தின் எண்ணெய்
ஒன்பதாம் பிரிவு வரை ஊறிவிட்டது.

கம்பெனி ஒரு நபர் என்றார் சார்.
பதிவுத் தாளிலிருந்து பிறக்கும்.
அம்மை வராது. காது குத்த வேண்டாம்.
பங்குதாரர் அத்தனை பேரும் ஒரே படகில் கவிழ்ந்தாலும்
அது மட்டும் நனையாது.
சொத்து வாங்கும், வழக்குப் போடும்.
(அதனால்தான் இங்கே பெயர் எழுதவில்லை.)

"யாராவது கம்பெனியைப் பார்த்திருக்கீங்களா?"
நான் கை தூக்கினேன்.
வகுப்பிலேயே ஒரு கை.
"நீ பார்த்தது கட்டடம்மா.
உட்காரு."

உட்கார்ந்தேன்.
கட்டடம் என்றால் நடக்குமா?
ராத்திரி இரண்டு மணிக்கு
அழுகின பலாப்பழமும் நெயில் பாலிஷும் கலந்த வாடையாக
கொல்லை வழியே வந்து
கொசுவலைக்குள் படுத்துக்கொள்ளும்.
அம்மா எழுந்து ஜன்னலைச் சாத்துவாள்.
விடிந்ததும் கிணற்று வாளியை
வெளிச்சத்தில் சாய்த்துப் பார்த்துவிட்டு
கேன் தண்ணிக்காரருக்கு போன் போடுவாள்.
முகம் தெரியாத ஆளோடு
இருபது வருஷக் குடித்தனம்.

பன்னிரண்டாம் பிரிவு: பதிவு அலுவலகம்.
வாசலில் பெயர்ப்பலகை வேண்டும்,
அந்த ஊர் எழுத்திலும் வேண்டும்.
வரும் தபாலை வாங்கிக்கொள்ள வழி வேண்டும்.
செய்முறைப் பதிவேட்டுக்காக
நானும் மர்செலினும் தேடிப் போனோம்.

மிஷன் வீதியிலிருந்து பிரியும் சந்து.
பிராந்திக் கடைக்கும் ரொட்டிக் கடைக்கும் நடுவே
ஒருக்களித்து ஏற வேண்டிய மரப்படி.
மேலே ஒரு கதவு,
பதினொரு பலகை.
"ஆறாவது எங்களோடது" என்றேன்.
"உங்களோடதா?" மர்செலின் சிரித்தாள்.
பூட்டில் சிலந்தி.
ஜன்னல் இடுக்கில் பார்த்தோம்:
ஒரு நாற்காலி, அதன்மேல் கவிழ்ந்த இன்னொன்று,
மார்ச்சைத் தாண்டாத காலண்டர்.

கீழே கரும்பு ஜூஸ் போடுகிறவர்
கேட்காமலே சொன்னார்:
"தபால்னா எங்கிட்ட குடு பாப்பா.
கலியவரதன்னு நான்தான் கையெழுத்துப் போடுவேன்.
மாசம் இருநூறு தர்றாங்க."

வந்ததை என்ன செய்வீங்க?
மெஷினைக் காட்டினார்.
அதற்கு ஒரு கால் குட்டை.
அடியில் பழுப்பு உறைகள்:
கோர்ட்டு முத்திரை, வாரிய முத்திரை, வங்கி.
எல்லாவற்றுக்கும் மேலே
எங்கள் பஞ்சாயத்து ரப்பர் ஸ்டாம்பு,
சாறு பட்டு எறும்பு மொய்க்க.
சக்கரம் ஆட்டமில்லாமல் சுற்றிக்கொண்டிருந்தது.

திரை விலக்கல் என்று ஒரு பாடம் இருக்கிறது.
பத்து மார்க், நிச்சயம் வரும் என்கிறார்கள் சீனியர்கள்.
விலக்கினால் பின்னால்
உண்மையான ஆள் இருப்பார் என்கிறது நோட்ஸ்.
விலக்கினோம்.
கலியவரதன் இருந்தார்.
"இஞ்சி போடவா?" என்று கேட்டார்.

போட்டோ எடுக்கப் போனேன்.
"வேணாம் பாப்பா, பொழப்பு போயிடும்."
அந்த மேல் உறையை மட்டும்?
"எடுத்தா ஆடும்."

மர்செலின் காசு கொடுக்கையில்
செருப்பு வாரைச் சரிசெய்வதுபோல் குனிந்து
பதிவுத் தபால் எண்ணை
உள்ளங்கையில் எழுதிக்கொண்டேன்.

கன்னியக்கோயில் தாண்டும்போது
கம்பியைப் பிடித்த கையின் வியர்வையில்
ஏழு இலக்கம் போய்விட்டிருந்தது.
மிச்சத்தை போனில் மர்செலினிடம் சொன்னேன்.
அவளும் எழுதி வைத்திருக்கிறாளாம்,
முழுசாக, பதிவேட்டில்,
'கண்டறிந்தவை' என்ற தலைப்புக்குக் கீழே.