தண்டின் மறுமுனை

யாங்கோன், முப்பத்தெட்டாம் தெரு, நாலாம் மாடி.
லிஃப்ட் உண்டு, கரண்ட் வரும்போது.
கரண்ட் இன்றைக்கு ஒன்பதிலிருந்து ஒன்று,
நாளைக்கு ஒன்றிலிருந்து ஐந்து என்கிறது அட்டவணை.
அட்டவணையை நம்பி யாரும் உலை வைப்பதில்லை.

மேசையில் ஒரு பரபைக்.
மல்பெரித் தாளில் மடிப்புச் சுவடி,
இருபத்தெட்டு மடிப்பு.
விரித்தால் கூடத்தைத் தாண்டிப்
படிக்கட்டு வரை போகும் அரச ஊர்வலம்.
ஒரே ஒரு முறைதான் முழுக்க விரித்தோம்.
அன்றைக்கு மூச்சைக்கூடப்
பக்கவாட்டில் விட்டுக்கொண்டு நடந்தோம்.

மடிப்பு மடிப்பாகப் படமெடுத்து
ஒன்றோடொன்று தைப்பது என் வேலை.
ஊசியில்லை, நூலில்லை.
பிறகு அந்த நீளத்தை வளைத்து வட்டமாக்கி
நடுவில் பார்ப்பவரை நிறுத்த வேண்டும்.
தலையில் மாட்டும் அந்தக் கண்ணாடியின் விலை
என் ஏழு மாதச் சம்பளம்.

வரைந்தவர் வட்டத்தை நினைக்கவில்லை.
ஒரு கை திறக்கத் திறக்க
மறு கை மூடிக்கொண்டே வரும் ஊர்வலம் அது.
நான் எல்லா மடிப்பையும்
ஒரே நொடியில் திறந்துவிட்டேன்.
ராஜா வருகிறார் என்று சொல்ல வந்த முரசு
ராஜாவின் முதுகுக்குப் பின்னால் நிற்கிறது.

சிக்கல் கடைசி மடிப்பின் ஓரத்தில்.
அங்கே ஒருவன் தோளில் காவுதண்டோடு வருகிறான்.
குடுமி, காதில் கடுக்கன், தார்ப்பாய்ச்சிய துணி.
தண்டு தோளைத் தாண்டி ஒரு விரற்கடை போகிறது.
தாள் முடிகிறது.
தொங்கும் சுமை தாளில் இல்லை,
மறுமுனையைத் தூக்குகிறவனும் இல்லை.

நம்மாள் என்றேன்.
மா ஸின் மார் சிரித்தாள்:
அப்போது எங்களுக்கும் குடுமிதான், மரகதா,
வேலையென்றால் தார்ப்பாய்ச்சுவோம்.

வட்டம் மூடியதும் மென்பொருள்
தண்டைக் கொண்டுபோய்
ஊர்வலத்தின் முதல் ஆளிடம் சேர்த்தது.
பிரம்போடு வழிவிலக்கி வரும் கட்டியக்காரன்,
அவன் நெஞ்சில் முட்டியது.

அழித்துவிடு என்றார் மேலாளர்.
இல்லையென்றால் மிச்சத்தைக் கணினியே வரையட்டும்,
கேட்டால் வரையும்.
கேட்டேன். ஒரு கூடை, கூடை நிறைய மாம்பழம்.
மறுபடி கேட்டேன். கால் கட்டிய புலி.
மூன்றாம் முறை ஆறு விரலோடு ஓர் ஆள்,
சிரித்துக்கொண்டு.
மூன்றையும் தூக்கிப்போட்டு
அந்த இடத்தில் வெறும் தாளின் நிறத்தை விட்டேன்:
பழுத்த மஞ்சள், இரண்டு கறையான் துளை.

சோதித்துப் பார்க்க ஒருவர் வேண்டும்.
டீசல் கேனோடு மேலே வந்த கோ டுன் யீக்குக்
கை துடைக்கக் கந்தல் கொடுத்துக்
கண்ணாடியை மாட்டினேன்.

ராஜா மூன்று மாடி உயரம்.
வரைந்தவர் கணக்கு அப்படி.
யானை அதற்குக் கொஞ்சம் கீழே,
தண்டு சுமப்பவன் முழங்கால் அளவு.
மாட்டியவர் எல்லோரும் அண்ணாந்து நிற்பார்கள்.
இவர் ஒரு சுற்றுச் சுற்றினார்,
குனிந்தார்,
அப்படியே தரையில் உட்கார்ந்தார்.
வலது தோளை இறக்கிக்
காற்றில் எதற்கோ முட்டுக்கொடுத்தார்,
எடை பார்க்கிற மாதிரி.

இதில் என்ன தொங்குது?

தெரியாது என்றேன்.

கனமாத்தான் இருக்கும்.
முன்னால் போறவன் கழுத்தைப் பார்.

நான் அவனை நாற்பது மடங்கு பெருக்கிப் பார்த்தவள்.
கழுத்தில் புடைத்த அந்த ஒற்றைக் கோட்டைக்
கறையென்று நினைத்துப்
பாதி துடைத்திருந்தேன்.

ஒன்றடிக்கப் பத்து நிமிடம் இருக்கையில்
கரண்ட் போனது.
ஜெனரேட்டரைப் போட வேண்டியவர் அவர்தான்.
கண்ணாடிக்குள் எல்லாம் இருண்டிருக்கும்,
ராஜா, யானை, முரசு.
கொஞ்ச நேரம் அசையாமல் இருந்தார்.
தோளை எடுக்கவில்லை.