கொய்பா

படகை நிறுத்தச் சொன்னது நானல்ல.
எவரிஸ்தோ என்ற பெயரை நான் சொன்னதும்
லிசாந்த்ரோதான் இயந்திரத்தை அணைத்தான்.
"நினைவில்லை" என்றான். பிறகு, "இங்கேதான்
சமையலறைக் கழிவைச் சுறாவுக்குக் கொட்டுவோம்."
பதினாறு வருடம் தீவுச் சிறையில் காவலன்.
இப்போது எங்கள் காற்றுக்கலன்களைத் தூக்கித் தருகிறான்.

பதினெட்டு மீட்டர் ஆழம்.
பவளத்தின் பிடரியில்
சீப்புப் படாத செம்பழுப்பு மயிர்க்கற்றை.
ஒரு கிளிமீன் வருகிறது, முகர்கிறது,
வேலையிருப்பதுபோல் திரும்பிப் போகிறது.
பல்லில்லை, முள்ளில்லை, ஓடக் காலில்லை.
இருநூறு கோடி ஆண்டாக
வெயிலைத் தின்றே கிடக்கிற சாதி இது.
தனக்கு வேண்டிய கசப்பைத் தானே காய்ச்சிக்கொள்ளும்.
கையுறையோடு பிடுங்கிப் பைக்குள் திணித்தேன்.

நகரத்தில், ஒரு வாளி மயிர்
சாராயத்தில் ஊறி, வடிந்து, வற்றி
குப்பியின் அடியில்
அரைக் குறுணை எடைகூட இல்லாத வெள்ளைத் தூள்.
பதினோரு கண்ணிச் சங்கிலி.
வளைந்து, தன் இடுப்பைத் தானே பிடித்திருக்கிறது.
தீவின் பெயரையே அதற்கும் வைத்தார்கள்.

அது செய்வது இவ்வளவுதான்:
உயிரணு எழுதுகிற புரதங்கள்
வெளியே போகும் வழியில் ஒரு வாசல் உண்டு.
அங்கே போய்க் குறுக்கே உட்கார்ந்துகொள்ளும்.
ஒன்றும் போய்ச் சேராது.

சோனாவில் என் அம்மா
புதன்தோறும் தபால் நிலையத்துக்கு நடந்தாள்.
எழுபத்திரண்டிலிருந்து எழுபத்தெட்டு வரை.
அவள் தம்பிக்கு முத்து முத்தான கையெழுத்து.

தட்டில் புற்றணுக்கள் செத்தன.
விளக்கை அணைக்காமல் வீட்டுக்குப் போன இரவு அது.
அடுத்த மாதம் எலிகளும் செத்தன.
"யார் குற்றவாளி, யார் சும்மா நின்றவன்,
இதற்குத் தெரியவில்லை" என்றாள் யாமிலெத்,
கூண்டைக் கழுவியபடி.
நான் சிரித்துவிட்டேன்.
ஏனென்று அவள் கேட்கவில்லை. இந்த நாட்டுக்காரி.

மறுபடி போனோம். இன்னும் ஒரு வாளி வேண்டுமாம்,
சங்கிலியில் ஏதோ ஒரு கண்ணியை மாற்றிப் பார்க்க.
திரும்பும் வழியில் கேட்டேன்:
கைதிகள் கடிதம் எழுதுவார்களா?
"எழுதுவார்கள். நிறைய."
சுக்கானைக் கொஞ்சம் திருப்பினான்.
"மழைக்காலத்தில் விறகு பற்றாது, தெரியுமா?"

துறையில் படகு முட்டியது.
ஈரம் சொட்டும் பையை வாங்க
வெறுங்கையை நீட்டினான்.
தொடாதே, தோல் வெந்துவிடும் என்று சொல்ல
எனக்கு
ஒரு நொடி தாமதமானது.