ஒன்று நாற்பது

மாதம் முடிந்த காலண்டர் தாளின் முதுகில்தான்
வீட்டுக் கணக்கு எழுதுகிறேன்.
வழுவழுத் தாள். மை காயும்வரை பொறுக்க வேண்டும்.
பொறுக்க எனக்கு நேரம் இருக்கிறது.
அச்சகம் மூடிய பிறகு
அடுப்பும் அலமாரியும் என் பொறுப்பு.
பூங்கோதை பேருந்து ஓட்டுகிறாள்.

பூன் லே. ஐந்தாம் மாடி.
மூங்கில் கழியில் துணியை நீட்டினால்
ஒன்பதரைக்கு வெயில் வரும்,
பதினொன்றுக்குக் கிளம்பிவிடும்.
அதற்குள் காயாத ஜீன்ஸுக்கு மறுநாள்தான் முறை.
மேல்மாடி ரொக்கையாவின் போர்வை
என் பிடரியில் சொட்டும்.
திட்டுவதில்லை; போன வாரம்
ஒரு கத்தை பண்டான் இலை தந்தாள்.
ஒரு வெள்ளி மிச்சம்.

பற்பசைக் குழாயைக் கத்தரித்துப் பார்த்தால்
உள்ளே இன்னும் மூன்று நாள் இருக்கிறது.

வெங்காயத் தாளின் வேர்த்துண்டை
மைலோ டப்பாவில் நட்டேன்.
அரிசி களைந்த நீர்தான் அதற்கு.
நான்கே நாளில் விரல் நீளத்துக்கு நிமிர்ந்ததும்
அச்சில் முதல் தாள் பிசிறில்லாமல் விழுந்ததைப் போல
ஓடிப்போய் இனியனைக் கூப்பிட்டேன்.
"அப்பா, இது கடையில எண்பது காசு."
பதின்மூன்று வயது. விட்டுவிட்டேன்.

இரவு எட்டரைக்கு மேல்
ரயில் நிலையத்து ரொட்டிக் கடையில்
மூன்று பை ஐந்து வெள்ளி.
வரிசையில் யாரும் யாரையும் பார்ப்பதில்லை.
ஆனால் தேங்காய் பன் தட்டு காலியானால்
எல்லோருக்கும் ஒரே பெருமூச்சு.

எல்லாம் சரி.
செவ்வாய்தோறும் மட்டும்
பிஸ்கட் டின்னில் ஒரு வெள்ளி நாற்பது குறைகிறது.
திங்கள் இரவு எண்ணினால் இருக்கிறது,
புதன் காலை இல்லை.
இனியனின் பள்ளிப்பையைத் தடவிப் பார்த்தேன்
(ஒரு காய்ந்த ஆரஞ்சுத் தோல், அறிவியல் தேர்வுத் தாள்,
அதைப் பற்றித் தனியாகப் பேச வேண்டும்).
ரசீதுகளை இரண்டு முறை கூட்டினேன்.
என் கூட்டலையே சந்தேகப்பட்டேன்.

அப்புறம் ஒரு செவ்வாய்
பழைய மின்விசிறிக்குத் திருகாணி தேடி
பேருந்து நிலையப் பக்கம் போனேன்.
காப்பிக் கடையின் ஓர மேசையில்
சீருடையோடு பூங்கோதை.
காலணியைக் கழற்றி
எதிர் நாற்காலியில் பாதங்களை நீட்டியிருந்தாள்.
முன்னால் ஒரு தே ஹாலியா.
கைபேசி இல்லை. பேச்சுத்துணை இல்லை.
கொஞ்சம் தட்டில் ஊற்றினாள், ஊதினாள்,
குடிக்காமல் வைத்துக்கொண்டு
தான் ஓட்ட வேண்டியிராத பேருந்துகளை
ஒவ்வொன்றாகப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

பதினோரு வருடமாகத் தெரிந்த முகம்தான்,
அத்தனை சாவகாசமாக
நான் அதைப் பார்த்ததில்லை.
தூணுக்குப் பின்னால் நின்றேன்,
சட்டைப்பையில் நாற்பது காசுத் திருகாணியோடு,
திருடனைப் பிடிக்க வந்து
திருடனாகிப் போனவன் மாதிரி.

"இன்னிக்கு ஜாம், லேட்டாயிருச்சு" என்றாள் வாசலில்.
"ம்" என்றேன். ரசத்தைச் சுடவைத்தேன்.
மின்விசிறி ஆடாமல் சுற்றியதை
அவள்தான் முதலில் கவனித்தாள்.

எல்லோரும் தூங்கிய பின் தாளை எடுத்தேன்.
செவ்வாய், ஒன்று நாற்பது.
'தேநீர்' என்று எழுதி அடித்தேன்.
'இதர' என்று எழுதினேன், அது அவமரியாதையாக இருந்தது.
கடைசியில் 'போக்குவரத்து' என்று எழுதி
மை காயக் காத்திருந்தேன்.

இப்போதெல்லாம் திங்கள் இரவு
அவளுக்குச் சில்லறை தேட வேண்டாதபடி
ஒரு வெள்ளி நாணயமும் இரண்டு இருபது காசும்
டின்னில் மேலாகவே கிடக்கின்றன.

ரொட்டி வாங்கித் திரும்பும் வழியில்
மின்தூக்கிக்குள் தனியாக நின்று
ஐந்து மாடி ஏறுவதற்குள்
நான் தின்று முடிக்கிற ஒரு தேங்காய் பன்னும்
அந்தத் தலைப்பின் கீழேதான் வரும்.