ஏழில் எத்தனை

ஒரு நாளைக்கு ஆறு தடவை
அவர்களுடைய கைப்பேசி சிணுங்கும்.
எப்போது என்பதைக் கணினி குலுக்கிப் போடும்.
பல் விளக்கும்போது வரலாம்,
கடன் கொடுத்தவனிடம் தவணை கேட்கும்போது வரலாம்.
கேள்வி இரண்டுதான்:
இப்போது யாருடன் இருக்கிறீர்கள்?
இப்போது எவ்வளவு மகிழ்ச்சி, ஏழில்?

பிராம்ஃபோன்டைனில் மூன்றாம் மாடி.
நூற்றிருபது பேரின் பதினான்கு நாட்களை
எண்ணாக்கி அடுக்குவது என் சம்பளம்.
குடும்பம் என்றால் ஒன்று, நண்பர் இரண்டு,
உடன் வேலை செய்வோர் மூன்று,
தனியாக என்றால் நான்கு.
பதிலே வராவிட்டால்
தொள்ளாயிரத்துத் தொண்ணூற்றொன்பது.

அது மகிழ்ச்சியின் அளவல்ல என்று
மென்பொருளுக்கு முன்கூட்டியே சொல்லிவைக்க வேண்டும்.
போன வாரம் மறந்துவிட்டேன்.
ஜோஹானஸ்பர்க்கின் சராசரி ஆனந்தம்
ஏழுக்கு நூற்று நான்கு என்று வந்தது.
பேராசிரியர் மபூசா கண்ணாடியைக் கழற்றிவிட்டுச் சிரித்தார்:
"மிஸ் மூட்லி, நீங்கள் எந்த ஊரில் குடியிருக்கிறீர்கள்?"

லெனேசியா, பதினோராம் எக்ஸ்டென்ஷன்.
பக்கத்து வீட்டுக் காரின் எண் தெரியும்.
அவர்கள் பெயர் தெரியாது.

நாற்பத்தொன்றாம் ஆள்தான் இடறினார்.
காலை ஆறே முக்கால்: நான்கு, ஆறு.
மாலை ஐந்தரை: நான்கு, ஆறு.
நடுப்பகலில், உடன் வேலை செய்வோர் சூழ: மூன்று, இரண்டு.
தனித்திருப்பவர் வாடியிருப்பார்
என்பது எங்கள் கருதுகோள்.
கருதுகோளுக்குக் குறுக்கே ஆள் வந்தால்
சந்தேகம் முதலில் ஆள்மேல்தான்:
விரல் தவறியிருக்கும், கேள்வி புரிந்திருக்காது.
நானும் சிவப்புக் கோடு போட்டு வைத்தேன்.

குறிப்பு எழுத ஒரு பெட்டி உண்டு; யாரும் தொடுவதில்லை.
ஐந்தாம் நாள் அவர் எழுதினார்:

டாக்சியில் இருக்கிறேன். பதினைந்து பேர்.
ஒருவரையும் தெரியாது, அதனால் நான்கு.
பின்வரிசைக் காசெல்லாம் என் கைவழியாக முன்னே போகிறது.
ஓட்டுநர் பக்கத்தில் இருப்பவருக்கு
மூன்று ராண்ட் கணக்கு இடித்தது. சொன்னேன், சரியானது.
மிச்சம் கைமாறிக் கைமாறிக்
கடைசி வரிசைப் பெண்ணிடம் போய்ச் சேர்ந்தது.
உங்கள் பட்டியலில் இதற்கு எண் இல்லை.

சிவப்பை அழித்தேன்.
ஐந்து என்று ஒன்று சேர்க்கலாமா?
பாதி ஆய்வில் கேள்வியை மாற்றக் கூடாது என்றார் மபூசா.
கூடாதுதான்.

பத்தாம் நாள், வியாழன், மாலை ஐந்து ஐம்பது.
அன்றைய கடைசி அழைப்பு.
நான்கு, ஒன்று.
பெட்டி காலி.
அதற்குப் பிறகு இருபத்துநான்கு அழைப்புகள்,
இருபத்துநான்கு தொள்ளாயிரத்துத் தொண்ணூற்றொன்பது.

என்ன ஆயிற்று என்று நான் கேட்க முடியாது.
அவர் பெயர் வேறோர் அறையில் பூட்டிய அலமாரியில்.
நெறிமுறைக் குழு அவரை அப்படிக் காக்கிறது,
என்னிடமிருந்தும்.
அன்று கோல்டன் நெடுஞ்சாலையில் ஆலங்கட்டி மழை,
அது எனக்குத் தெரியும்;
என் காரின் கூரையில் இன்னும் பள்ளங்கள் இருக்கின்றன.

நேற்றுக் காரை எடுக்கவில்லை.
ப்ரீ தெரு நிலையத்தில் வரிசையில் நின்று
இரண்டாம் வரிசையில் இடம் பிடித்தேன்.
தோளை ஒரு விரல் தட்டியது: கசங்கிய நோட்டு, வெதுவெதுப்பான சில்லறை,
"இரண்டு பேர்."
எண்ணி முன்னே நீட்டினேன். மிச்சம் வந்தது, பின்னே நீட்டினேன்.
சுரங்கத்து மண் மேடுகள் மஞ்சளாய் ஓடின.
மனக்கணக்குப் போடும் முகமெல்லாம்
நாற்பத்தொன்று போலவே இருந்தது.

"ரோபோவுக்கு அப்புறம்" என்றேன்.
எனக்கே கேட்கவில்லை.
பின்னாலிருந்து யாரோ எனக்காகக் கத்தினார்:
ரோபோவுக்கு அப்புறம்!
வண்டி நின்றது.
யாரென்று திரும்பிப் பார்ப்பதற்குள்
கதவை இழுத்துச் சாத்திக்கொண்டு
பதினான்கு பேரும் போய்விட்டார்கள்.

விளக்குப் பச்சையாகி, சிவப்பாகி,
மறுபடி பச்சையானபோதுதான் பார்த்தேன்,
என் கையில் இரண்டு ராண்ட்.
என்னுடையதல்ல.
கடைசி வரிசையில் யாருக்கோ
இந்நேரம் கணக்கு இடித்துக்கொண்டிருக்கும்.