மஞ்சள் போதாது

வெள்ளிக்கிழமை மதியம். ரோலாவில்
ஆளுக்கொரு ஷவர்மா,
பூண்டுப் பசை உன் மீசையில்.
பில்லின் பின்புறம் விருந்தினர் பட்டியல்:
உன் பக்கம் நானூறு.
என் பக்கம்
அத்தைகளே இன்னும் முடியவில்லை.

வெயிலுக்கு ஒதுங்கிக் கலைக்கூடம் போனோம்.
ஒரு சுவர் முழுக்க வெறும் மஞ்சள்.
“இதுக்கு என்ன அர்த்தம், செல்வின்?”
“ஏசி நல்லா இருக்குன்னு அர்த்தம்.”
காவலுக்கிருந்த மலையாளி சிரித்துவிட்டார்.

பத்திரிகைக்கு இதே நிறம் என்று
படமெடுத்து அம்மாவுக்கு அனுப்பினேன்.
தக்கலையிலிருந்து உடனே பதில்:
மஞ்சள் போதாது.

துபாய் திரும்பும் பேருந்து
ஒன்றரை மணி நேரமாய் நகரவில்லை.
என் தோளில் உன் குறட்டை.
பட்டியலில் எண்ணெய் ஊறிய இடத்தில்
இரண்டு பெயர்கள் அழிந்திருந்தன.
யார் யாரென்று எனக்குத் தெரியும்.
பேனாவும் கைப்பையில் இருக்கிறது.

வண்டி நகரட்டும், பார்க்கலாம்.