பொருள் எண் 31

பத்து மணிக்குக் கதவைத் திறப்பேன்.
கௌயா ஆற்றின் மூடுபனி எனக்கு முன்பே வந்து
கண்ணாடியில் மூக்கை அழுத்தி நிற்கும்.
அதற்கு மட்டும் நுழைவுச்சீட்டு கிடையாது.

வருகிறவர்கள் ஷூவுக்கு மேலேயே
கம்பளிச் செருப்பை மாட்டிக்கொண்டு
மரத்தரையில் வழுக்கி வழுக்கி நடப்பார்கள்,
கரையேறிய வாத்துகள்போல.
நான் ஒப்பிப்பேன்:
இது மேசை. இது மைக்கூடு.
இந்த நாற்காலியில் உட்கார்ந்து,
இந்தச் சன்னலைப் பார்த்தபடிதான்
ருடால்ஃப்ஸ் மெல்கால்ன்ஸ் மூன்றாம் பாகத்தை முடித்தார்,
நாற்பத்தொன்பதின் குளிர்காலத்தில்,
அடுப்புக்கு விறகில்லாமல்,
அதோ ஆணியில் தொங்கும் மேலங்கியோடு.
எல்லாரும் ஆணியைப் பார்ப்பார்கள்.
பெருமூச்சு வரும் இடம் எனக்குத் தெரியும்.
அங்கே கொஞ்சம் நிறுத்துவேன்.

பேனா அவருடையதல்ல, சொல்லிவிடுகிறேன்,
ரீகா சந்தையில் வாங்கியது.
மேசைமேல் இருக்கும் ஆப்பிள்களை
வெள்ளிதோறும் நான்தான் மாற்றுகிறேன்.
பழையவற்றை வீட்டில் ஜாம் காய்ச்சுகிறேன்.
மேலங்கி மட்டும் அசல்.
அதைச் சொல்லும்போது மட்டும்
பத்தொன்பது வருடமாய் என் குரல் கூசியதில்லை.

அக்டோபரில் ஒரு வியாழன், மழை.
முதியோர் சீட்டு ஒன்று கேட்டு வாங்கினார்,
சில்லறையை இரண்டு தடவை எண்ணினார்.
மேசையைப் பார்க்கவில்லை, அலமாரியைப் பார்க்கவில்லை.
கயிற்றருகே நின்று ஆணியையே பார்த்தார்.
பெருமூச்சின் இடம் வந்தது, போனது.
பிறகு சொன்னார்:
"இடது கையின் உள்துணி மாவுமூட்டைச் சாக்கு.
அம்மா தைத்தது.
மில்லின் பெயரில் பாதி அங்கே இருக்கும்."

தொடக்கூடாது என்பது விதி.
அந்தப் பலகையை எழுதியதே நான்.
வெள்ளைக் கையுறையை மாட்டிக்கொண்டு
கையைப் புரட்டினேன்.
நீல மையில், தலைகீழாய், நான்கு எழுத்து.

அவர் சன்னலைக் காட்டினார்.
ஆற்றுக்கு அக்கரையில் ஒரு புகைபோக்கி,
வீடில்லாமல் தனியே.
"பிப்ரவரியில் அப்பா கொடுத்தார்.
எழுதுகிறவன் விரல் விறைக்கக்கூடாது என்று.
மார்ச்சில் எங்களை லாரியில் ஏற்றினார்கள்.
எனக்கு மூன்று வயது, தாலிவால்டிஸ் என்று
சொல்லத் தெரியும், அவ்வளவுதான்.
சைபீரியாவில் யாராவது
'யேகாப்ஸ், உன் அங்கி எங்கே' என்று கேட்டால்
'இரவல் போயிருக்கிறது' என்பாராம்.
இரண்டாம் குளிர்காலம்வரை சொன்னார்.
இதெல்லாம் அம்மா சொன்னது."

எடுத்துக்கொள்கிறீர்களா என்று கேட்டுவிட்டேன்.
என்ன அதிகாரத்தில் கேட்டேன், தெரியாது.
வேண்டாம் என்றார்,
வல்மியேராவில் தன் ஃபிளாட்டில் ஹீட்டர் அதிகம்.
"ஒரு தடவை போட்டுப் பார்க்கலாமா?"

கயிற்றை அவிழ்த்தேன்.
மணிக்கட்டுக்கு நாலு விரல் முன்பே கை முடிந்துவிட்டது.
தோள் இறுக்கிப் பிடித்தது.
கண்ணாடியில் தன்னைப் பார்த்து
மெதுவாகச் சொன்னார்:
"அப்பா சின்ன உடம்புக்காரர்."
மூன்று வயதில் அண்ணாந்து பார்த்ததோடு சரி.

அன்றிரவு மூன்றாம் பாகத்தை மறுபடி படித்தேன்.
நானூற்றுப் பன்னிரண்டு பக்கம்.
பனி இருக்கிறது, ஓநாய் இருக்கிறது,
ஒரு திருமணம், இரண்டு பிரேதம்.
அக்கரையில் புகை எழும் காலைகள் நிறைய.
புகை நின்ற காலை ஒன்றுகூட இல்லை.
பயந்திருப்பார். அந்த மார்ச்சில் யார்தான் பயப்படவில்லை?
அல்லது, அங்கி போட்டிருந்ததால்,
எழுந்து போய்ப் பார்க்குமளவு குளிரவில்லை.

பதிவேட்டில் முப்பத்தோராம் வரி.
'பெற்ற விதம்' என்ற கட்டத்தில்
'எழுத்தாளரின் உடைமை' என்றிருந்தது.
அடித்துவிட்டுப் பென்சிலால் எழுதினேன்:
இரவல். கொடுத்தவர் யேகாப்ஸ்.
இயக்குநர் இன்னும் பார்க்கவில்லை.
'திருப்பித் தரும் தேதி' கட்டம்
காலியாக இருக்கிறது.

இப்போதும் ஒப்பிக்கிறேன்.
மேசை, மைக்கூடு, நாற்காலி.
ஆணி வந்ததும் நிறுத்துவதில்லை,
போய்ச் சன்னலைத் திறக்கிறேன்.
குளிருகிறதே என்கிறார்கள்.