எட்டாம் கேள்வி

படிவத்தில் எட்டாவது கேள்வி:
பிறந்தவுடன் பிள்ளை அழுததா?

டிக்கோயா ஆஸ்பத்திரி வாங்கில்
என் மடியில் தலைவைத்துத் தூங்குகிறான் டிலோஜன்.
பன்னிரண்டு வயது. கால்கள் வாங்கைத் தாண்டித் தொங்குகின்றன.
காலையில் கொடுத்த மருந்து இன்னும் அவனை விடவில்லை.

டொக்டர் சிங்களத்தில் கேட்கிறார்.
அட்டெண்டன் சிவபாக்கியம் தமிழில் கேட்கிறா.
எனக்கு முதல் தடவையிலேயே விளங்கிவிட்டது.
பதில்தான் இரண்டு பாஷையிலும் இல்லை.

அன்றைக்கு மேல்பிரிவு ரோட்டில் மண் சரிந்திருந்தது.
கொழுந்து லொறியில் சாக்குகளை இறக்கிவிட்டு
என்னை ஏற்றினார்கள்.
படங்குக்குள்ளே பச்சை வாசம். குமட்டல்.
பாலத்தடியில் லொறி நின்றது.
எவ்வளவு நேரம் என்றால்
ஒரு மழை விட்டு அடுத்த மழை பிடிக்கும் நேரம்.
வந்து விழுந்தபோது கத்தரிப்பூ நிறம்.
மிஸ்ஸி காலைப் பிடித்துத் தூக்கித் தட்டினா,
வாயைத் துடைத்தா, ஊதினா, மறுபடி தட்டினா.
லொறியில் எல்லாரும் சத்தம் போட்டார்கள்
அவனைத் தவிர.

பிறகு அழுதான்.
எத்தனை நிமிஷம் கழித்து?
மணிக்கூடு கட்டியிருந்த ஒரே ஆள் டிரைவர்.
அவர் மரியாதைக்கு அந்தப் பக்கம் திரும்பி நின்றார்.

லயத்தில் காரணங்களுக்குப் பஞ்சமில்லை.
கிரகணத்தில் நான் தேங்காய் துருவினேன்.
மாடசாமி கல்லைக் குறுக்கே தாண்டினேன்.
என் சித்தப்பா வழியில் ஒருத்தர் இப்படித்தான் இருந்தாராம்.
புருஷன் ஒன்றும் சொல்லவில்லை,
புறக்கோட்டைக் கடைக்குப் போய்
அங்கிருந்தும் ஒன்றும் சொல்லவில்லை.

நானும் ஒன்று ஒளித்து வைத்திருந்தேன்:
ஏழாம் மாதம், மருந்தடித்த மலையில்
அரைப்பேர் போட்டுவிடுவார்களே என்று
குனிந்து குனிந்து எடுத்த கொழுந்து.
அதைத்தான் இன்று கேட்டேன்.
பன்னிரண்டு வருஷமாய்க் கேட்க நினைத்ததை
சிவபாக்கியத்தின் முகத்தைப் பார்க்காமல்.

டொக்டர் பேனையைக் கீழே வைத்தார்.
மூச்சு பிந்தியது காரணமாய் இருக்கலாம்.
வயிற்றுக்குள்ளேயே தொடங்கியிருக்கலாம்.
கழுத்துச் சுரப்பி சரி, இரத்தம் சரி,
ஸ்கேனில் ஒரு சின்ன வடு, அது எப்போது விழுந்தது
என்று படம் சொல்லாது.
பல பிள்ளைகளுக்குக் காரணம் கடைசிவரை தெரியாது.
கொழுந்தைப் பற்றி,
“இருந்தாலும் அது நீங்கள் செய்த பிழை இல்லை” என்றார்.
அதைச் சிவபாக்கியம் இரண்டு தரம் சொன்னா.
இரண்டாம் தரம் டொக்டர் சொல்லாமலே சொன்னா.

அப்போ வலிப்பு?
இரண்டுக்கும் ஒரே வடு காரணமாய் இருக்கலாம் என்றார்.
ஒரே லயம், பக்கத்துப் பக்கத்துக் காம்பரா,
ஒரு சுவர் பொது.
அப்படி அவர் சொல்லவில்லை. நான் விளங்கிக்கொண்டது அது.
மருந்து ஒரு காம்பராவுக்குத்தான்.
மற்றதற்கு ஆட்கள் வேண்டும், நாட்கள் வேண்டும்,
சொன்னதையே சொல்லிக் காட்ட
ஒரு வாய் வேண்டும்.

அவர் சொன்ன நீளமான பெயருக்கு
சிவபாக்கியம் தமிழ் தேடினா.
“மந்தம்” என்று தொடங்கி, விழுங்கினா.
“விளங்கிக்கொள்றது பிந்தும், அக்கா.”
பிந்தும்.
சம்பளம் பிந்தும், பஸ் பிந்தும்,
பிந்துகிற எதையும் நான் விட்டுவிட்டு வந்ததில்லை.

எதிர் வாங்கில் நோர்வூட்காரியின் மகள்,
நெஞ்சில் ஒப்பரேஷன் தழும்பு, சரிந்த சின்னக் கண்கள்,
பிஸ்கட்டை நிறுத்திவிட்டு
டிலோஜனின் சட்டையைக் காட்டிச் சிரித்தாள்.

ஒரு பட்டன் தள்ளிப் போட்டிருக்கிறான்.
மேலே ஒரு ஓட்டை மிச்சம்,
கீழே ஒரு பட்டன் மிச்சம்.
நாலு மாதம் பழகி
இன்று காலை தானாய்ப் போட்டது.
நான் திருத்தவில்லை.

“எட்டாவதுக்கு என்ன போட?”
ஆம் ஒரு கட்டம். இல்லை ஒரு கட்டம்.
அழுதான், நேரம் தெரியாது என்றேன்.
டொக்டர் இரண்டு கட்டத்துக்கும் நடுவே
சின்ன எழுத்தில் அதை எழுதினார்.
எழுதி முடிக்கும்வரை
ஒன்பதாவது கேள்வியை அவர் கேட்கவில்லை.

மடியில் டிலோஜன் அசைந்தான்.
கண்ணைத் திறக்காமலே
சட்டையைத் தடவி
எல்லாப் பட்டனும் இருக்கிறதா என்று பார்த்தான்.